நேத்து என்ன வேலை பார்த்தே, கண்ணு?

என் கடைக் கணினியில் 'பயோடேட்டா மாடல் 3' என்று ஒரு கோப்பு இருந்தது. ஏழெட்டு வருஷம் அதுதான் எனக்குச் சோறு போட்டது. கோவை கணபதியில், லேத் பட்டறைகளும் மோட்டார் வைண்டிங் கடைகளும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஒரு தெருவில் என் டி.டி.பி. கடை. ஐடிஐ முடித்த பையன்கள் வருவார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மார்க், செல் நம்பர் என ஐந்தை மட்டும் மாற்றுவேன். மீதியெல்லாம் முன்பே எழுதி வைத்தது. நிறுவனமும் வளர்ந்து தானும் வளரும்படியான சவாலான சூழலில் பணியாற்ற ஆசை என்று உச்சியில் ஒரு லட்சியம். அதற்குக் கீழே ஹார்டு வொர்க்கிங், சின்சியர், டீம் பிளேயர், குவிக் லேர்னர். பொழுதுபோக்கு என்ற இடத்தில் கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. ஐந்து நிமிஷ வேலை, முப்பது ரூபாய்.

ஒருநாள் பக்கத்தில் உள்ள ஒரு பம்ப் கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதெல்லாம் உங்க கடையில அடிச்சதுங்களாம்மா?" பார்த்தவுடனே தெரிந்தது, எல்லாம் என் மாடல் 3. மொத்தம் பதினொன்று. அவர் கோபப்படவில்லை. "பதினொரு பேரும் ஒரே ஆளா இருக்காங்கம்மா. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. மார்க்கைப் பார்த்து ரெண்டு பேரைக் கூப்பிட்டுட்டேன்" என்றார். அப்புறம் ஒரு காகிதத்தை மட்டும் தனியாக உருவிக் காட்டினார். அதில் பையன் பெயர் சரி. அப்பா பெயர், அவனுக்கு முன்னால் வந்து போன பையனுடைய அப்பா பெயர். நான் மாற்ற மறந்திருந்தேன்.

அந்தப் பையனை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பயோடேட்டா அடிக்க வந்த அன்று என் கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு நான் கம்பியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். "நகருங்க்கா" என்று சொல்லி, ஸ்டூல் மேல் ஏறி, பக்கவாட்டுச் சட்டத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "பட்டை ஒண்ணு வளைஞ்சிருக்குங்க்கா" என்றான். பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் வாங்கி வந்து ரெண்டு தட்டு. ஷட்டர் இறங்கியது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அவனை என் கண்ணால் பார்த்தேன், அவன் கை செய்த காரியத்தையும் பார்த்தேன். அடுத்த பத்தாவது நிமிஷத்தில் உட்கார்ந்து அவனைப் பற்றி 'ஹார்டு வொர்க்கிங்' என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடாமல் விட்ட ஒன்பது பேரில் அவனும் ஒருத்தன்.

அன்றைக்கே மாடல் 3ஐ அழித்தேன். அழித்த பிறகுதான் என் தொழிலையே நான் கற்க ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும்.

முதலில் கற்றது, எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது. "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டால் எல்லாப் பையன்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள். "உன் பலம் என்ன?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள், இல்லாவிட்டால் எங்கோ கேட்ட இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சொல்வார்கள். ரொம்ப நாள் தடுமாறி, கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நின்றேன். இன்றுவரை அதைத்தான் முதலில் கேட்கிறேன். "நேத்து என்ன வேலை பார்த்தே, கண்ணு?"

ஒரு டர்னர் பையன். படித்து முடித்து மூன்று வருஷம் ஒரு சின்ன ஜாப் ஆர்டர் பட்டறையில் இருந்தவன், பெரிய கம்பெனிக்கு மாற நினைத்து வந்திருந்தான்.

"ஷாஃப்ட் கடைஞ்சனுங்க்கா."

"எதுக்கு வர்ற ஷாஃப்ட்?"

"போர்வெல் பம்ப் மோட்டாருக்குங்க."

"ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை?"

"நாப்பத்தஞ்சு வருங்க்கா. கரண்ட் போகலைன்னா."

"அதுல எத்தனை திரும்பி வரும்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "போன மாசம் ரெண்டு வந்துச்சுங்க்கா. ஒண்ணு என் தப்பு. இன்னொண்ணு கம்பியிலயே கீறல் இருந்துச்சு."

பேரிங் உட்காரும் இடத்தில் அளவு எவ்வளவு தவறலாம் என்று கேட்டேன். 0.02 மில்லிமீட்டர் என்றான். தாள் ஒன்றை எடுத்து இதன் தடிமன் எவ்வளவு இருக்கும் என்றேன். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 0.1 வரும் என்றான். அப்படியென்றால் ஜெராக்ஸ் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து தடவை நின்று காட்டுகிறவன், தன்னைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை என்று என் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்து நான் கேட்ட கேள்வியும் இப்போது என் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது. "பக்கத்து லேத்துக்காரங்க உன்கிட்ட எதுக்காவது வருவாங்களா?"

முகம் மாறியது. "டூல் தீட்டறதுக்கு வருவாங்க்கா." பெரிய இடங்களில் கார்பைடு இன்செர்ட் போட்டிருப்பார்கள், மழுங்கினால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். இவன் பட்டறையில் பாதி வேலை ஹெச்எஸ்எஸ் எஃகு டூல் பிட்டில். அதைக் கிரைண்டிங் சக்கரத்தில் கையால் பிடித்துத்தான் கோணம் வைக்க வேண்டும். வயதில் மூத்தவர்களே இவனிடம் நீட்டுவார்களாம். தீட்ட வேண்டிய நேரம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சத்தம் மாறுங்க்கா. கீச்சுனு ஒரு மாதிரி. சுருளு நீலம் பாய்ஞ்சு வரும். ஜாப் மேல கை வச்சா சொரசொரன்னு இருக்கும்" என்றான். சொல்லும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே இல்லாத ஒரு கம்பியைத் தடவின.

அவனுக்கு நான் எழுதிக் கொடுத்தது நாலே வரி. போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், ஷிஃப்டுக்கு 45. பேரிங் இடம் 0.02 மில்லிமீட்டருக்குள். போன மாதம் திரும்பி வந்தவை இரண்டு. ஹெச்எஸ்எஸ் டூல் பிட்டைத் தானே தீட்டுவார், பட்டறையில் மற்றவர்களுக்கும் தீட்டித் தருகிறார். இதை எளிய இங்கிலீஷில் அடித்தேன். உழைப்பாளி என்றோ திறமையானவன் என்றோ எங்கும் இல்லை. ஒரு வாரம் கழித்து வந்து சொன்னான்: இன்டர்வியூவில் அவனை நேராகக் கிரைண்டிங் சக்கரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு டூலைக் கையில் கொடுத்தார்களாம். வேலையும் கிடைத்தது. நாம் எழுதுவதுதான் எதிரில் இருப்பவர் கேட்கப்போகும் கேள்வியைத் தீர்மானிக்கிறது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. 'டீம் பிளேயர்' என்று எழுதியிருந்தால் அவனை எந்தச் சக்கரத்துக்குக் கூட்டிப்போயிருப்பார்கள்?

உழைப்பாளி, நேர்மையானவர், பொறுப்பானவர், திறமைசாலி என்று பண்பைச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நம்மைப் பார்க்கிறவர். நாமோ தீர்ப்பை நாமே எழுதிக் கையில் நீட்டுகிறோம், சாட்சியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அந்தப் பையனின் நாற்பத்தைந்தும் 0.02ம் சாட்சி. அவற்றைப் படித்து "கெட்டிக்காரப் பையன்" என்று இன்டர்வியூ எடுக்கும் மேலாளர் தன் மனதுக்குள் சொல்லிக்கொண்டால், அந்தச் சொல் அவருடையதாகிவிடும். தான் சொன்ன சொல்லை யாரும் லேசில் சந்தேகப்பட மாட்டார்கள்.

சொற்கள் ஏன் இப்படித் தேய்கின்றன என்று நிறைய யோசித்திருக்கிறேன். என் சின்ன வயசில் தெருவில் "அம்மி கொத்தலையோ அம்மி" என்று குரல் வரும். அம்மியில் அரைக்க அரைக்கக் கல் வழவழவென்று ஆகிவிடும். மிளகாய் நழுவும், நசுங்காது. பாட்டி ஆளைக் கூப்பிட்டு உளியால் கொத்தச் சொல்வாள். கொத்திய கல் மறுபடி பிடிக்கும். இங்கே கோவையில் கிரைண்டர் கல்லையும் அப்படித்தான் கொத்த வேண்டியிருக்கிறது. சொல்லும் அப்படி வழுக்கிப்போகிறது. 'அருமை' என்றால் முதலில் கிடைத்தற்கரியது, செய்வதற்குக் கடினமானது. இப்போது இட்லி அருமை, செல்போன் கவர் அருமை, எல்லாம் அருமை. 'நாற்றம்' ஒரு காலத்தில் பூவின் மணத்தையும் சொன்ன சொல். இன்று பூக்கடையில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். 'உழைப்பாளி' நல்ல சொல்தான், கனமான சொல். ஆயிரம் பேர் ஒரே இடத்தில் வைத்து அரைத்ததில் வழவழத்துப் போனது.

தேய்ந்த கல்லைக் கொத்த வேண்டும் என்றால், பலர் பக்கத்து வீட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எம்.பி.ஏ. படிக்கும் ஒரு பெண் இணையத்தில் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தாள். 'ஹார்டு வொர்க்கிங்' என்று எழுதக் கூடாதாம், 'டைனமிக்' என்று எழுத வேண்டுமாம். 'குவிக் லேர்னர்' வேண்டாம், 'பேஷனேட்', 'ரிசல்ட் ஓரியன்டட்'. அவையும் தேயாமல் இருக்காது. வேலை தேடுபவர்கள் முகம் காட்டும் லிங்க்ட்இன் தளம் 2010 முதல் சில வருஷங்கள், மக்கள் தங்களைப் பற்றி எழுதுவதில் மிகவும் அடிபட்டுப்போன சொற்களின் பட்டியலை வெளியிட்டது. 2011, 2012 இரண்டிலும் முதலில் நின்றது 'கிரியேட்டிவ்'. படைப்பாற்றலைச் சொல்ல லட்சக்கணக்கானவர்கள் ஒரே சொல்லை எடுத்திருக்கிறார்கள். 2013இல் 'ரெஸ்பான்சிபிள்'. ஆக, அகராதியைப் புரட்டி இன்னும் மினுக்கான சொல்லைப் போடுவதில் பயனில்லை. அது தேயக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

தமிழ் மட்டும் போதும் என்று வருகிறவர்களும் என்னிடம் நிறைய. சின்னப் பட்டறை முதலாளிக்கு, ஜவுளிக்கடைக்கு, மில்லுக்கு எழுதும் விண்ணப்பங்கள். அதில் 'கடின உழைப்பு' என்று அடித்து அடித்து எனக்கே ஒருநாள் உறுத்தியது. இது நம் வீட்டில் யாரும் பேசும் பேச்சு இல்லையே. என் அம்மா யாரையும் கடினமாக உழைப்பவர் என்று சொன்னதில்லை. 'உடம்பு வணங்கி வேலை செய்வான்' என்பாள். 'அவளுக்குக் கை சுத்தம்' என்பாள், அதாவது கல்லாவை நம்பி விட்டுவிட்டுப் போகலாம். 'அவன் கைக்கு ஒரு நறுவிசு உண்டு' என்பாள், தைத்தாலும் கட்டினாலும் ஓரம் பிசிறாது. பதவிசு, பக்குவம், நெளிவு சுளிவு தெரிந்தவன், வாக்குத் தவறாதவன், கணக்கில் புலி. மனிதரை அளக்க நம் வாசல் திண்ணையில் எத்தனை சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன! பள்ளிக்கூடக் கட்டுரைத் தமிழில் அவற்றுக்கு இடம் கொடுக்காமல் விட்டதால், விண்ணப்பம் எழுத உட்கார்ந்தவுடன் நாம் ஊமையாகிவிடுகிறோம்.

அதனால் பையனோடு அம்மா வந்திருந்தால் நான் அம்மாவிடம் கேட்பேன். "உங்க பையனைப் பத்திச் சொல்லுங்கம்மா." சமையல் வேலைக்கு ஒரு மண்டபத்தில் சேர விரும்பிய ஒருவனின் தாய் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புனாலும் மூஞ்சி சுளிக்க மாட்டானுங்க." முகூர்த்த நாள் சமையலுக்கு அதைவிடப் பெரிய தகுதி உண்டா? அப்படியே போட்டேன். கல்யாணச் சமையல் எந்நேரம் தொடங்கும் என்று தெரிந்த எவரும் அந்த வரியைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

எண்ணைச் சேர்ப்பதை நான் வேதமாக வைத்துக்கொண்டதில்லை. ஆனால் சரியான எண் கிடைத்தால் அதைவிட அழகான உரிச்சொல் இல்லை. டேலி மென்பொருளில் கணக்கு எழுதும் ஒரு பெண் 'பொறுப்பானவர்' என்று போடச் சொன்னாள். பொறுப்பு என்று எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். மாசாமாசம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று இரண்டு ஜிஎஸ்டி கணக்கையும் தாக்கல் செய்துவிடுவாளாம். இரண்டு வருஷத்தில் அவள் முதலாளி ஒரு தடவைகூடத் தாமதக் கட்டணம் கட்டியதில்லை. இதைச் சொல்லிவிட்டு, "அது என் வேலைதானுங்க்கா, அதை எப்படிப் பெருமையா எழுதறது?" என்று கேட்டாள்.

இந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். நம் ஊரில் பிள்ளைகளை இப்படித்தான் வளர்க்கிறோம். தற்பெருமை பேசுகிறவனைப் பார்த்தால் நமக்கு உள்ளூர ஒரு விலகல் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது நன்னூலில் உள்ள செய்தி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம் அது. அதன் பாயிரத்தில், அதாவது முன்னுரைப் பகுதியில், எத்தனை துறைகளை முடித்தவரானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார். ஆகவேதான் ஒருவர் நூலுக்கு அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, உரை எழுதியவரோ பாயிரம் சொல்ல வேண்டுமாம். இன்று நாம் 'ரெஃபரன்ஸ்' என்று இரண்டு பேர் பெயர் கேட்கிறோமே, அதன் மூத்த வடிவம். உடனே அடுத்த சூத்திரத்தில் விலக்கும் தருகிறார். நாலு இடத்தில் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றல் இன்னதென்று அறியாதவர் நடுவில் நிற்கும்போது. சபையில் வெல்ல வேண்டிய வேளையில். எதிராளி பழித்துப் பேசும்போது.

முதல் இரண்டையும் கவனியுங்கள். வேலை கொடுக்கிற இடத்துக்கு எழுதும் தாளும், நம்மை இதுவரை கண்டிராத ஒருவர் முன் நிற்பதும்தானே விண்ணப்பம்? எழுநூறு வருஷத்துக்கு மேல் முன்பே நமக்கு அனுமதி எழுதி வைத்திருக்கிறார்கள். என்னிடம் வந்து கூசி நிற்கிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்கிறேன். சொன்னவுடன் முதுகு கொஞ்சம் நிமிர்வதைப் பார்க்கிறேன்.

நிமிர்ந்து நின்று எப்படிச் சொல்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் முன்மாதிரி, சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்த ஒருவர் எழுதிய கடிதம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியது. அதன் தொடக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. தான் இன்ன அலுவலகத்தில் குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் இருபது பவுண்டு மட்டும் என்று ஆரம்பிக்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புத்தான் என்று தானே சொல்லிவிடுகிறார். பள்ளியை விட்ட பின் ஓய்வு நேரத்தைக் கணக்கில் செலவிட்டதைச் சொல்கிறார். வழக்கமான பாதையில் நடக்கவில்லை, தனக்கென ஒரு புதுப் பாதை போட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். தன் முடிவுகள் திகைக்கவைப்பவை என்ற பொருள்படும் ஒரு பெரிய சொல் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அதை அவர் தன் வாயால் சொல்லவில்லை. உள்ளூர்க் கணித அறிஞர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவர்கள் வாயில் வைக்கிறார். மேதை என்ற சொல்லே இல்லை. கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்து அனுப்பினார். ஹார்டியும் அவருடைய சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து படித்தது அந்தப் பக்கங்களைத்தான்.

அதற்கு முந்தைய வருஷம், 1912 பிப்ரவரியில், அந்தத் துறைமுக வேலைக்கு அவர் போட்ட விண்ணப்பமும் இருக்கிறது. மெட்ரிகுலேஷன் தேறியதும், எஃப்.ஏ. வரை படித்துச் சூழ்நிலையால் தொடர முடியாமல் போனதும், அதற்குப் பின் நேரம் முழுவதையும் கணக்குக்கே கொடுத்ததும் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. ஃபெயிலான பரீட்சையை மறைக்க வேண்டும் என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வேன். அவரே படிப்பு நின்றதை எழுதினார், நீயும் எழுது, நின்றதற்கு அப்புறம் என்ன செய்தாய் என்பதை அடுத்த வரியில் எழுது.

ஒரு விஷயத்தில் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தேய்ந்த சொல் எல்லாமே தள்ள வேண்டிய சொல் இல்லை. 'மதிப்பிற்குரிய ஐயா', 'பணிவன்புடன்', 'தங்கள் உண்மையுள்ள' இவையெல்லாம் நிலைப்படி மாதிரி. தேய்ந்திருப்பதே அவற்றின் இயல்பு, ஆயிரம் பேர் மிதித்து ஏறிய படி. அங்கே புதுமை செய்யப்போனால் உள்ளே வருகிறவர் தடுக்கி விழுவார். வாசலைத் தாண்டி உள்ளே நம்மைச் சொல்கிற இடத்தில்தான் கடன் வாங்கிய சொல் கூடாது என்கிறேன்.

கல்யாணப் பயோடேட்டாவுக்கும் என்னிடம் வருகிறார்கள். அங்கே நிலைமை இன்னும் மோசம். வேலைக்காவது சர்டிபிகேட் பேசும். இங்கே சிவப்பு, அழகு, அடக்கம், குடும்பப்பாங்கு என்ற நாலு சொல்லுக்குள் ஒரு பெண்ணின் இருபத்தேழு வருஷத்தையும் மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆணுக்கு 'கெட்ட பழக்கம் இல்லாதவர்' என்ற ஒன்றோடு சரி. இல்லாததைச் சொல்கிறார்களே, இருப்பது என்ன?

ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அம்மா அந்த நாலு சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வந்திருந்தார். மகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கிறவள், வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "உனக்கு எதை எழுதணும், கண்ணு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "வேலை முடிஞ்சு வந்தா அரை மணி நேரம் மொட்டைமாடியில யார்கூடவும் பேசாம உக்காந்திருக்கோணும். அது மட்டும் எழுதுங்க்கா." அம்மா பதறிப்போனார். "அதை எழுதுனா எவன் வருவான்?" நான் எழுதினேன். அதோடு, ஞாயிற்றுக்கிழமை சமையல் அவளுடையது, தாத்தாவுக்குக் கண் தெரியாமல் போனதிலிருந்து தினம் பேப்பர் படித்துக் காட்டுகிறாள், தலையங்கத்தையும் விடாமல், என்பதையும் எழுதினேன். அம்மா அந்தத் தலையங்க வரியில் சமாதானமானார். மொட்டைமாடி வரியைப் படித்து எத்தனை குடும்பம் ஒதுங்கியதோ எனக்குத் தெரியாது. ஒதுங்குகிறவர்கள் காகிதத்திலேயே ஒதுங்கட்டும். கூடத்தில் காபி கொடுத்த பிறகு ஒதுங்குவதைவிட அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை. எல்லாருக்கும் பொருந்தும் சொல் எல்லாரையும் கூட்டிவரும். அவளைச் சொல்லும் சொல், அவளுக்கானவர்களைக் கூட்டிவரும்.

மிகைப்படுத்தச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு. நாற்பத்தைந்து ஷாஃப்டை அறுபது என்று போடுங்கள் என்பார்கள். அதை மட்டும் நான் ஒருபோதும் செய்வதில்லை. 'உழைப்பாளி' என்ற வெறுஞ்சொல் யாரையும் கெடுக்காது. பொய்யான அறுபது, முதல் ஷிஃப்டிலேயே பையனைக் கெடுத்துவிடும். தெளிவாகச் சொல்வது என்று வந்த பின் சொன்னது அப்படியே உண்மையாக இருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த மாதம் என் மேசையில் முடியாமல் கிடந்த ஒரு விண்ணப்பம் உண்டு. ஐம்பதைத் தாண்டிய ஒருவருடையது. இருபத்திரண்டு வருஷம் ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றியவர். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். இன்னொரு ஃபவுண்டரி முதலாளிக்குத் தமிழில் ஒரு கடிதம் வேண்டும் என்று வந்தார். "என்னங்கண்ணா தெரியும் உங்களுக்கு?" என்று பழைய தப்பையே செய்தேன். "ஒண்ணும் தெரியாதுங்கம்மா, ஊத்துவேன்" என்றார்.

நேற்று என்ன செய்தீர்கள் என்று அவரிடம் கேட்க முடியாது, நேற்று வேலை இல்லை. கடைசியாக ஊற்றிய நாளைக் கேட்டேன். மெதுவாகச் சொன்னார். உலையிலிருந்து லேடிலில் இறக்கியதும் மேலே மிதக்கும் கசடை ஒதுக்கி, கொஞ்சம் நிற்பாராம். ஆறவிட்டு ஊற்றினால் இரும்பு அச்சு முழுக்க ஓடாது, மூலையில் குறைபட்டு நிற்கும். ரொம்பச் சூட்டில் ஊற்றினால் மணல் உருகி வார்ப்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம். சூப்பர்வைசர் வெப்பமானி வைத்துப் பார்ப்பார். அவர் பார்த்து முடிப்பதற்குள் இவர் "இப்ப ஊத்தலாமுங்க" என்று சொல்லியிருப்பார். அது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

"எதைப் பார்த்துச் சொல்வீங்க?"

"நெறந்தானுங்க."

"என்ன நிறம்?"

அங்கேதான் நின்றோம். சிவப்பு என்று அடித்தேன், இல்லீங்க என்றார். மஞ்சள் என்றேன், அதுவுமில்லீங்க. ஆரஞ்சு என்றதற்குச் சிரித்தே விட்டார். எலுமிச்சை, மஞ்சள் கிழங்கு, அடுப்புத் தணல், சாயங்கால வெயில் என்று நான் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, அவர் கண்ணை மூடி ஒப்பிட்டுப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷமாக அந்த நிறத்துக்கு அவர் பெயர் வைக்கத் தேவை வரவில்லை. பார்த்தால் கை தானாக நகரும், அவ்வளவுதான். மற்ற வரிகளை அடித்து முடித்து, அந்த ஓரிடத்தை மட்டும் காலியாக விட்டுவைத்தேன். "யோசிச்சுட்டு வாங்கண்ணா, அவசரமில்லை" என்றேன். நிறம் பார்த்துப் பதம் சொல்வார் என்று பொதுவாக முடித்திருக்கலாம். மனம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன், அரைகுறையாக இருந்த தாளை வாங்கிக்கொண்டு போகவில்லை.

நாலு நாள் கழித்து, நான் கடையைச் சாத்தி வீட்டில் தோசைக்கல்லைப் போட்ட நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, நான் ஃபவுண்டரிக்காரனுங்க. மார்கழில கோலத்து நடுவுல சாணி உருண்டையில பூசணிப்பூ வெப்பாங்க பாருங்க."

"ஆமாங்கண்ணா."

"காலைல வெக்கறப்ப இல்லீங்க. வெயில் ஏறி, ஓரம் கொஞ்சம் சுருங்கறப்ப. அந்த நெறமுங்க."